வஞ்சிரம் மெம்பர்

அடைக்கலமேரி அக்காவின் வாய்க்குப் பூட்டுப் போட முடியும் என்று எங்கள் தெருவில் யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்துக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற தெரு எங்களுடையது. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். இன்னொரு பக்கம் மின்சார ரயில் போகும். நடுவில் காசிமேட்டிலிருந்து மீன்கூடை ஏற்றிய ஆட்டோக்கள் ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக ஓடும். இத்தனைக்கும் மேலே அக்காவின் குரல் கேட்கும். காலையில் அவர் வீட்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்தால் நான் கடை ஷட்டரைத் தூக்குவேன். மத்தியானம் திட்டினால் தெரு சோற்றுக்கு உட்காரும்.

நான் ராசையா. தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து, அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவி சுகிர்தம் சொல்வாள். அதனால்தான் இந்தக் கதையை நான் சொல்கிறேன், அவள் சொல்லவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ஹென்றியண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாட்டசாட்டமான ஆள். ஆனால் அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். சர்க்கரை வியாதிக்காரர், இனிப்பென்றால் உயிர். இந்த இரண்டுக்கும் நடுவில் காவல்காரியாக அக்கா நின்றதால்தான் அவர் உடம்பு ஓடிக்கொண்டிருந்தது. என் கடைப் பெஞ்சில் அவர் உட்கார்ந்து கடலை மிட்டாய் ஜாடியைப் பார்த்தாலே போதும், எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து, "யோவ்! ஜாடிய மொறைக்காத, கண்ணாலயே துன்னுடுவ!" என்று வரும். அவர் ஜாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

இவர்களுடைய ஒரே மகன் ஜெரி. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில், ஊரார் சரக்கை இன்டர்நெட்டில் விற்றுக்கொடுக்கிற வேலை. கண்டவன் சரக்கையெல்லாம் விற்கிறோமே, நம் வீட்டில் இவ்வளவு நல்ல மீன்குழம்பு சும்மா கொதிக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியது. 'மேரியம்மா கிச்சன்' என்று யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்தான். நெத்திலிக் குழம்பு, சுறாப் புட்டு, கடம்பா தொக்கு என்று அக்கா வரிசையாகச் சமைத்தார். நானும் சுகிர்தமும் பார்த்தோம். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் சங்கரா வறுவல் எடுத்தார்கள். அக்கா மீனுக்கு மசாலா தடவி ஊறவைத்துவிட்டு, காமிராவைப் பார்த்து இஞ்சி பூண்டின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹென்றியண்ணன் உதவி செய்கிறேன் என்று அந்தத் தட்டைக் குழாயடிக்கு எடுத்துப் போய், மீனைப் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா தட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா இது? மசாலா தடவி வச்ச மீன கய்வினு வந்து நிக்கிற? அழுக்குன்னு நெனச்சியா? கப்பல்லேர்ந்து எறக்குன சரக்கெல்லாம் இப்டித்தான் கய்வி கய்வி வச்சியா? கொரியாக்காரன் பெயிண்டு அடிச்சி அனுப்ன காரெல்லாம் உன் கையால வெள்ள வெளேர்னு ஆயிருக்குமேய்யா! அந்தோணியாரே, காணாமப் போனத்த கண்டுபுடிச்சிக் குடுக்கிறவரே, இந்த மனுசனுக்கு மூளைய எங்கனா கண்டுபுடிச்சிக் குடு!"

ஜெரி அதை அப்படியே போட்டுவிட்டான். மறுநாள் காலையில் அந்த மீனை உலகம் பூராவும் பார்த்துவிட்டது. கீழே எழுதியவர்கள் ஒருவர்கூட மீனைப் பற்றி எழுதவில்லை. 'கொழம்பு வேணாம்மா, மாமாவ இன்னும் ரெண்டு வார்த்த திட்டுங்க' என்று கேட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஜெரி என் கடைக்கு வந்தால் பொருள் வாங்க மாட்டான், புலம்புவான்.

"வெளம்பரத்த நம்பிகினு கெடந்தா ஒன்னியும் கதைக்காவாது அண்ணாச்சி. ஜனங்க கொழம்பத் தள்ளிவுட்டு நேரா திட்டுக்குப் பூட்றாங்க. வெளம்பரம் கொழம்புல கீது."

"அப்ப திட்டுல விளம்பரத்தப் போடேன்."

"போட்டேன். அம்மா உச்சத்துக்குப் போவசொல்லோ நடுவுல பல்பொடி வருது. இப்ப அல்லாரும் என்னத் திட்றாங்க."

அடுத்து ஒரு குக்கர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். குக்கர் பக்கத்தில் இருக்க வேண்டும், திட்டு கௌரவமாக இருக்க வேண்டும், குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி வேண்டும் என்றார்கள். அக்காவும் பட்டுப்புடவை கட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னங்க, நீங்க இப்படிச் செய்யலாங்களா? எனக்கு வருத்தமா இருக்குதுங்க" என்றார். ஹென்றியண்ணன் பதறிப்போய்க் கிட்டே வந்து, "மேரி, ஒடம்புக்கு இன்னாமே?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். குக்கரை வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அந்தக் குக்கர் மட்டும் நல்ல குக்கர்.

கடைசியில் ஜெரி ஒரு முடிவோடு வந்தான். "மெம்பர்ஷிப் போட்றேன் அண்ணாச்சி. கொழம்பு ஃப்ரீ. திட்டு மெம்பருங்களுக்கு மட்டும். சனிக்கெழம பகல்ல லைவு."

"ஏலே, அரிசியச் சும்மா குடுத்துட்டுக் கருவேப்பிலைக்கு வெல போடுத மாதிரில்லா இருக்கு."

"எது அரிசி, எது கருவேப்பிலன்னு கஸ்டமரு சொல்லணும் அண்ணாச்சி. நம்ம சொல்லக் கூடாது."

இருபது வருஷம் கடை நடத்தியும் எனக்கு இது தோன்றவில்லையே என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வகை மெம்பர்கள், மீன் விலை ஏறுகிற வரிசையில். மத்தி மெம்பர் என்றால் லைவ் பார்க்கலாம். சங்கரா மெம்பர் என்றால் எதற்குத் திட்ட வேண்டும் என்று கேட்கலாம். வஞ்சிரம் மெம்பர் ஆகிவிட்டால் பேரையும் செய்த தப்பையும் எழுதி அனுப்பலாம், அக்கா அவர்களைப் பேர் சொல்லியே திட்டுவார். வஞ்சிரத்துக்கு இவ்வளவு ஆள் சேரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், ஊரிலிருந்து போனே செய்யாத தன் புருஷனைத் திட்டச் சொன்னாள். மணலியில் வேலை பார்க்கும் ஒருவன் தன் மேஸ்திரியைத் திட்டச் சொன்னான். பஹ்ரைனிலிருந்து ஒரு பையன், இன்றைக்கு எனக்குப் பிறந்த நாள், அம்மா போன வருஷம் செத்துப்போனார்கள், அதற்குப் பிறகு என்னை யாரும் திட்டவில்லை என்று எழுதியிருந்தான். அக்கா அவனை நன்றாகத் திட்டினார். வேளைக்குத் தின்னாமல் ஒட்டடைக் குச்சி மாதிரி நிற்கிறாயே என்று ஆரம்பித்து, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டு முடிப்பதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. ஜெரி ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். உலகத்துக்குத்தான் திட்டு மெம்பர்ஷிப்பில் வந்தது. தெருவுக்கு எப்போதும் போல ஓசியில் வந்துகொண்டிருந்தது.

அவர்கள் வீட்டோடு சுவர் ஒட்டினது புஷ்பவல்லி வீடு. வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். தன் பக்கத்துச் சுவரில் போனைச் சாய்த்து வைத்து, கிடைத்ததையெல்லாம் பிடித்து, 'மேரியக்கா ஃப்ரீ' என்று அவளும் ஒரு சேனல் ஆரம்பித்துவிட்டாள். அதில் படமே கிடையாது. இட்லிப் பானை ஆவி விடும், அக்காவின் குரல் வரும். அதற்கும் கூட்டம் சேர்ந்தது. ஜெரி சண்டைக்குப் போனான்.

"அக்கா, இது திருட்டு. எங்க கண்டென்ட்ட நீ போடக் கூடாது."

புஷ்பவல்லி மாவுக் கரண்டியோடு வெளியே வந்தாள். "தோ பாரு ஜெரி. நீ உங்கம்மா வயித்துல கீறசொல்லோ, உங்க நைனாவ உங்கம்மா திட்னது என் காதுல கீது. என் புள்ளைங்க பரிச்சைக்குப் படிக்கசொல்லோ கேட்டோம். எங்க மாமியா சாவக் கெடக்கசொல்லோ கேட்டோம். அதுக்கு இன்னிக்கி வரிக்கும் உன்னாண்ட துட்டு கேட்டமா? இப்ப என் சொவத்துல வர்ற சத்தத்துக்கு நீ வெல போட்றியா?"

தெரு முழுக்க அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

ஜெரி திரும்பிப் போய், அடுப்படி ஜன்னலைத் தெர்மாகோல் வைத்து அடைத்தான். பிறகு அம்மாவை உட்கார வைத்து ஒரு சட்டம் போட்டான். இனிமேல் வாரநாளில் திட்டக் கூடாது. நைனா என்ன செய்தாலும் மனசில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை லைவில் மொத்தமாகத் திட்ட வேண்டும். ஓசியில் விட்டால் சரக்கு தீர்ந்துவிடும். அக்காவுக்கும் அது சரியென்று பட்டது. பாவம், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வாய்க்கு ஒரு மதிப்பு வந்திருக்கிறதே, அதைச் சிந்தாமல் வைத்துக்கொள்வோம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

தெரு அமைதியாகிவிட்டது. நான் ஷட்டரை நேரம் தப்பித் தூக்கினேன். புஷ்பவல்லியின் இட்லி ஒரு நாள் வேகாமலே இறங்கியது. ஹென்றியண்ணனுக்கு மட்டும் திருவிழா. பெஞ்சில் உட்கார்ந்து ஜாடியைப் பார்த்தார். எதிர் ஜன்னலில் சத்தமில்லை. ஒரு கடலை மிட்டாய் எடுத்தார். சத்தமில்லை. இன்னொன்றை எடுத்தார். டீக்கடைக்குப் போய் இரண்டு கரண்டி சர்க்கரை போடச் சொல்லிக் குடித்தார், பன் பட்டர் ஜாம் தின்றார். அக்கா வாசலுக்கு வந்து பார்த்தார். உதட்டை மடித்துக் கடித்தார். "சனிக்கெழம வச்சிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"ஏங்க, அந்த மனுசன் கேட்டா மிட்டாய் குடுக்காதிய" என்று சுகிர்தம் என்னை அதட்டினாள். "சீனி ஏறிக் கெடக்கப் போறாரு. அவிய வீட்ல திட்டலைன்னா நீங்களாவது திட்டுங்க."

நான் திட்டிப் பார்த்தேன். "வேண்டாம்ணே, உடம்புக்கு ஆகாதுல்லா" என்றேன். அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "நல்ல மனுசன் அண்ணாச்சி நீ. ஆனா உனுக்கு இது வர்ல" என்றார்.

திருவிழா ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அண்ணன் வேறு மாதிரி ஆனார். தின்பதில் ருசி போய்விட்டது, ஆனால் தின்பதை நிறுத்தவில்லை. வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். காசிமேட்டுக்குப் போய் வயிறு வெடித்த மத்தியாகப் பொறுக்கி வாங்கி வந்தார். எதற்கும் பதில் வரவில்லை. சனிக்கிழமை லைவில் அடுப்படி வாசல் ஸ்டூலில் அவரை உட்கார வைத்தார்கள். அக்கா அவரைப் பற்றிக் காமிராவிடம் திட்டினார். நடுவில் நிறுத்தி, "ஜெரி, லைட்டு கரெக்டா கீதா?" என்று கேட்டுவிட்டு மறுபடி திட்டினார்.

ஒரு நாள் பகலில், உப்புக்காற்று அனலாக வீசிக்கொண்டிருக்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

"அண்ணாச்சி, கிரேனு மேல குந்திகினா கீழ நடக்கறது ஒன்னியும் செரியா தெரியாது. கீழ சிக்னல்காரன் ஒர்த்தன் நிப்பான். அவன் வாக்கிடாக்கில கத்துவான். 'எறக்கு, இன்னும் எறக்கு, ரைட்டுல வா, கண்ணு தெர்லயா சோம்பேறி'ன்னு திட்டுவான். அந்தக் கொரல வச்சித்தான் நம்ம லோட எறக்கறது. திடீர்னு கொரலு நின்னுட்ச்சின்னு வச்சிக்க, அப்பால கைய அசைக்கக் கூடாது. லோட அப்டியே நிப்பாட்டிடணும். அதான் ரூலு."

"சரி."

"மொத வாட்டி நான் அப்டி நின்னப்போ மழ. கீழ அவன் வாக்கிடாக்கி நனஞ்சிபூட்ச்சி. எம்மா நேரம் நின்னேன்னு தெர்ல. அந்தரத்துல லோடு ஆடுது, நான் மேல தனியா குந்திகினு கீறேன். யாராச்சும் திட்டுங்களேன்டான்னு அழுக வந்துட்ச்சி." மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டே சொன்னார். "இப்ப வூட்ல அப்டித்தான் கீது அண்ணாச்சி."

எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே அவர் விழுந்தார். விழுந்தார் என்றால் அரிசி மூட்டை மேல் சாய்ந்தார். கண் செருகி, வேர்த்து ஊற்றியது. சுகிர்தம் கத்தின கத்தலில் அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். பின்னாலேயே, அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெரியும் வந்தான். நான் முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அண்ணன் கண்ணைத் திறந்தார். திறந்த கண் நேராக அக்காவின் வாய்க்குப் போனது.

அக்கா மூச்சை இழுத்தார். அந்த மூச்சு எங்களுக்குத் தெரியும். தெருவே காதைத் தீட்டியது. அண்ணனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக்கூட நான் பார்த்தேன்.

ஜெரி குனிந்து அம்மாவின் காதில், "ம்மா, புஷ்பாக்கா போன எட்த்துகினு நிக்குது. சனிக்கெழம" என்றான்.

அக்கா இழுத்த மூச்சை விழுங்கினார். "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார் மெல்ல.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது, இப்படியே போனால் காலுக்குத்தான் முதலில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாத்திரையைக் கூட்டினார்கள். வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அண்ணன் நேராகக் கடைக்குள் வந்து, வெளியில் தெரியாதபடி மிளகாய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தார். தன் போனை என்னிடம் நீட்டினார்.

"என்ன மெம்பராக்கு அண்ணாச்சி."

"எதுக்கு?"

"மேரி சேனலுக்கு. மத்தி போதும்."

"மத்தியில பேர் சொல்லித் திட்ட மாட்டாவ."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வஞ்சிரமே போடு."

"உங்க பேரா?"

"என் பேர் போட்டா கண்டுபுடிச்சிடுவா. எங்க நைனா பேர் போடு, மேத்யூன்னு. நான் சொல்ல சொல்ல எய்து."

எழுதினேன். சொந்தப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்க ஒரு மனுஷன் பணம் கட்டுகிறான் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போய்விட்டது.

லைவ் ஆரம்பித்தது. போனை மிளகாய் மூட்டை மேல் நிறுத்தி நான், அண்ணன், சுகிர்தம் மூவரும் பார்த்தோம். எதிர் வீட்டில் அக்கா பேசுவது தெர்மாகோலைத் தாண்டி முதலில் மெலிசாக வரும். அரை நிமிஷம் கழித்து அதே பேச்சு போனில் சத்தமாக வரும். அக்கா இரண்டு பேரைத் திட்டி முடித்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடுத்ததைப் படித்தார்.

"மேத்யூ, வஞ்சிரம் மெம்பரு. 'வூட்ல என்ன யாரும் திட்றதில்ல. இஷ்டத்துக்கு துன்றேன், கேக்க ஆளில்ல. சக்கர ஏறிகினே போவுது. எனக்குன்னு ஒரு தபா திட்டவும்.'" அக்கா நிமிர்ந்தார். "யோவ் மேத்யூ, உன்ன அப்பால திட்றேன். மொதல்ல உன் பொண்டாட்டி எங்க? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீறா? புருசங்காரன் சக்கர ஏறிகினு சாவக் கெடக்குறான், மகாராணி பாத்துகினு சும்மா நிக்கிறாளா? அவ இன்னா பொம்பள? வூட்டுக்காரன அதட்டி ஒரு வாய் சோறு போடத் துப்பில்லாதவளுக்கு இன்னாத்துக்கு ஒரு குடும்பம்? இரு, இன்னும் கீது. 'நான் கிரேன் ஓட்னவன். கீழ கொரல் நின்னுட்ச்சின்னா மேல லோடு அந்தரத்துல நிக்கும். நிக்கிறேன்.'"

எதிர் வீட்டில் சத்தம் நின்றது. போனில் இன்னும் அக்கா, "மகாராணி பாத்துகினு சும்மா நிக்கிறாளா" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நிமிர்ந்து பார்த்தால், கையில் கரண்டியோடு அக்கா எங்கள் கடை வாசலில் நின்றார். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"யோவ்! வெளிய வா!"

அண்ணன் மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"பொண்டாட்டி எதுருல குந்திகினு கீறா, நீ துட்டு கட்டி திட்டு கேக்குறியா? ஏன்யா, வாய தொறந்து என்னாண்ட கேட்டா முத்து உதுந்துடுமா? கல்லு மாரி குந்தினு துன்னியே, பன்னு துன்ன, பட்டரு துன்ன, ஜாம வழிச்சித் துன்ன, நான் பல்லக் கடிச்சிகினு ராவெல்லாம் தூக்கமில்லாம கெடந்தேனே, தெரியுமாய்யா உனுக்கு? நீ பூட்டா நான் யாரத் திட்டுவேன்? இந்த அண்ணாச்சியவா? அண்ணாச்சி, நீ இன்னா தர்மப் பிரபுவா, மிட்டாய தூக்கித் தூக்கிக் குடுக்கற? ஜாடிய உள்ள வை!"

நான் ஜாடியை உள்ளே வைத்தேன். புஷ்பவல்லி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவுக்கே வந்துவிட்டாள். மாடிகளில் தலைகள் முளைத்தன. லாரி டிரைவர் ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார். வீட்டு வாசலில் ஜெரி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ம்மா, லைவு ஓடினு கீது! மெம்பருங்கோ அல்லாரும் நீ எங்கன்னு கேக்குறாங்க!"

"கேட்டா ஜன்னலாண்ட வந்து நிக்க சொல்லுடா! மொதல்ல அந்தத் தெர்மாகோல பிச்சிப் போடு, வூடு வெந்து சாவுது!"

ஹென்றியண்ணனைப் பார்த்தேன். அவர் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அக்கா கரண்டியை வீட்டுப் பக்கம் நீட்டினார். அவர் நடக்க ஆரம்பித்தார்.

"பாத்து நடய்யா! கால்வா மூடி தொறந்து கீது. ரைட்டுல வா. இன்னும் ரைட்டுல! கண்ணு தெர்லயா? ஆங், அப்டித்தான். படி கீது, கால தூக்கு. தலைய குனி, நெல இடிக்கும்!"

அவர் வலது பக்கம் ஒதுங்கினார், காலைத் தூக்கினார், தலையைக் குனிந்து உள்ளே போனார். குரல் அவருக்குப் பின்னாலேயே உள்ளே போனது. அன்றைக்குத் தெரு சரியான நேரத்துக்குச் சோற்றுக்கு உட்கார்ந்தது.